'ரியல் மெக்காய்' என்கிறார்களே, யார் அந்த மெக்காய்?

ஆங்கிலப் படங்களிலோ தொடர்களிலோ 'தி ரியல் மெக்காய்' என்ற சொற்றொடரை நீங்கள் கேட்டிருக்கலாம். போலி இல்லை, அசல் சரக்கு என்று அர்த்தம். இணையத்தில் வாங்கிய காலணி அசலா போலியா என்று நண்பர்களுக்குள் வாக்குவாதம் வரும் இல்லையா, அந்த மாதிரி இடத்தில் வரும் சொல்.

அந்த மெக்காய் யார் என்று தேடினால் ஒரு பெயர் உடனே வந்து நிற்கும். எலைஜா மெக்காய். ரயில் இன்ஜினுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவியை உருவாக்கிய கறுப்பினப் பொறியாளர். அவருடைய கருவி அவ்வளவு தரமானதாம். போலிகள் வந்ததும் வாங்குபவர்கள் அசல் மெக்காய்தானா என்று கேட்க ஆரம்பித்தார்களாம். அப்படித்தான் அந்தச் சொற்றொடர் பிறந்ததாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பகுதிதான் உண்மை. மீதி, பின்னால் ஒட்டவைத்த கதை. எது எது என்று பிரித்துப் பார்க்கலாம், வாங்க. கதையைவிட அந்த மனிதருடைய உண்மையான வாழ்க்கைதான் சுவையானது என்பது என் எண்ணம்.

தண்டவாளம் இல்லாத ரயில்பாதை

எலைஜாவின் பெற்றோர் ஜார்ஜும் மில்ட்ரெட்டும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமை முறையில் சிக்கியிருந்தவர்கள். அங்கிருந்து கனடாவுக்குத் தப்பி ஓடினார்கள். அவர்கள் போன வழிக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. அதில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை, நிலத்துக்கு அடியிலும் இல்லை. அடிமைகள் தப்பிப்பதற்கு உதவிய மனிதர்களின் ரகசியச் சங்கிலி அது. இரவில் ஒரு வீடு, அடுத்த இரவில் இன்னொரு வீடு, இடையில் வண்டி, படகு, காட்டு வழி. ரயில்வேத் துறையின் சொற்களையே ரகசியக் குறியீடாக வைத்துக்கொண்டார்கள். ஒளிந்துகொள்ள இடம் தரும் வீடு 'நிலையம்'. வழிகாட்டுபவர் 'கண்டக்டர்'.

ஏன் கனடா? அது அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டன் தன் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் நிறைவேற்றிவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டால் நீங்கள் யாருக்கும் சொத்து இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசிச்சுப் பாருங்க.

எலைஜா 1844 மே 2ஆம் தேதி, இன்றைய ஒன்டாரியோ மாநிலத்தின் கோல்செஸ்டர் என்ற விவசாயப் பகுதியில் பிறந்தார். பிறக்கும்போதே சுதந்திர மனிதர். பிற்பாடு குடும்பம் மீண்டும் அமெரிக்காவுக்குத் திரும்பி, மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே இருக்கும் இப்சிலாண்டி என்ற சிற்றூரில் குடியேறியது.

இயந்திரம் என்றால் பையனுக்கு உயிர். கழற்றிப் பார்ப்பது, மாட்டிப் பார்ப்பது. பெற்றோர் அதைக் கவனித்தார்கள். ஆனால் அன்றைய அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைக்கு இயந்திரப் பொறியியல் பயிற்சி கிடைக்கும் கதவுகள் கிட்டத்தட்ட எல்லாமே மூடியிருந்தன. அதனால் அவர்கள் எடுத்த முடிவைக் கேட்டால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். 15 வயதுப் பையனை அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். நம்ம ஊரில் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் குடும்பங்களுக்கு அந்தக் கவலை தெரியும். ஆனால் இந்தப் பெற்றோர் ஒரு காலத்தில் தங்கள் உடம்பே தங்களுக்குச் சொந்தமில்லாமல் வாழ்ந்தவர்கள். அதையும் சேர்த்து நினைச்சுக்குங்க.

பட்டம் இருந்தும் கையில் மண்வாரி

எடின்பரோவில் தொழிற்பயிற்சியை முடித்து, தகுதிபெற்ற இயந்திரப் பொறியாளராக அவர் திரும்பி வந்தபோது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. சட்டப்படி அடிமை முறையும் ஒழிந்திருந்தது. வேலை தேடினார்.

கிடைத்த வேலை என்ன தெரியுமா? மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுவது. கூடவே எண்ணெய் விடுவது. இன்ஜினை வடிவமைக்கத் தெரிந்தவரை அதன் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்கள். காரணம் அவருடைய தோலின் நிறம்தான்.

இந்த இடத்தில் பல கட்டுரைகள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. அந்த அவமானம் அவரை உருவாக்கியது என்று சொல்வது சரியில்லை. அது அவரிடமிருந்து சில ஆண்டுகளைப் பிடுங்கிக்கொண்டது. அந்த ஆண்டுகளில் வேறு என்னென்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஆனால் ஒன்று. அந்த வேலையில் இருந்ததால், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பொறியாளர்களுக்குத் தெரியாத ஒரு தொல்லை அவர் கைக்கே தெரிந்தது.

அதென்ன தொல்லை?

நீராவி இன்ஜினில் எண்ணெய் தேவைப்படும் இடங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வெளியே இருப்பவை: சக்கரங்களைத் தாங்கும் அச்சுகள், சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள். உள்ளே இருப்பவை: நீராவி பாயும் சிலிண்டர்கள், அவற்றுக்குள் ஓடும் பிஸ்டன்கள், நீராவியைத் திறந்து மூடும் வால்வுகள்.

முதலில் அச்சைப் பார்ப்போம். அச்சின் முனை ஒரு பெட்டிக்குள் பித்தளைத் தாங்கியின்கீழ் சுழலும். அந்தப் பெட்டியில் எண்ணெயில் ஊறவைத்த பஞ்சுநூல் கழிவை அடைத்து வைப்பார்கள். அச்சு சுழலச் சுழலப் பஞ்சு அதில் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்கும். எளிமையான ஏற்பாடு. ஆனால் பஞ்சு காய்ந்துபோனாலோ இடம் மாறினாலோ உலோகமும் உலோகமும் உரசிச் சூடேறும். முதலில் புகை வரும், பிறகு தீ. கவனிக்காமல் விட்டால் அச்சே முறிந்து ரயில் தடம்புரளும். அதனால்தான் ரயில் நின்ற இடங்களில் எல்லாம் ஓர் ஆள் எண்ணெய்க் குவளையோடு இறங்கி, பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போவார்.

மலாயா ரயில்வேயிலும் நீராவிக் காலத்தில் தமிழர்கள் பலர் வேலை செய்தார்கள். உங்கள் குடும்பத்தில் செந்தூல் பட்டறை பற்றிப் பேசும் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க.

உள்ளே இருக்கும் சிலிண்டர்தான் இன்னும் பெரிய தலைவலி. அங்கே கொதிக்கும் நீராவி அழுத்தத்தோடு பாய்கிறது. விட்ட எண்ணெயை அது கழுவிக்கொண்டு போய்விடும். அந்தக் காலத்தில் சிலிண்டருக்கு விட்டது பெரும்பாலும் உருக்கிய மாட்டுக் கொழுப்பு. அமெரிக்க இன்ஜின்களில் சிலிண்டருக்கு மேலே சின்னக் கிண்ணம் இருக்கும். அதை நிரப்ப, ஓடும் இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் குறுகிய நடைபாதையில் ஒருவர் முன்பக்கம் நடந்து போக வேண்டும். பனி பெய்தாலும் மழை பெய்தாலும் போகத்தான் வேண்டும். கால் தவறினால் அவ்வளவுதான். யார் போவார்? கரி அள்ளிப் போடுபவர்தான். அமெரிக்க ரயில்வே வட்டாரத்தில் அவருக்குக் கொழுப்புச் சட்டி என்றே பட்டப்பெயர் இருந்தது.

ஆக, மெக்காய் வெளியிலிருந்து பார்த்துத் தீர்வு சொன்னவர் இல்லை. அந்தச் சட்டியைத் தூக்கியவர்.

1872இல் வந்த கிண்ணம்

1872 ஜூலையில் அவருக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. எண் 129,843. நீராவி இன்ஜின்களுக்கான எண்ணெய்விடும் கருவியில் ஒரு மேம்பாடு என்பதுதான் அதன் விவரம்.

அடிப்படை யோசனை இதுதான். எண்ணெய் நிரம்பிய ஒரு கிண்ணம். அதன் நடுவே ஒரு தண்டு. தண்டின் கீழ்முனையில் நீராவி அழுத்தம் படும்படி ஒரு சிறிய பிஸ்டன், மேலே ஒரு வால்வு. இன்ஜின் வேலை செய்யும்போது நீராவி பிஸ்டனைத் தள்ளும், வால்வு திறக்கும், எண்ணெய் கீழே இறங்கும். நீராவி நின்றால் வால்வு மூடிக்கொள்ளும், எண்ணெய் வீணாகாது. எப்போது எண்ணெய் வேண்டும் என்பதை ஓர் ஆள் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. எண்ணெய் வேண்டிய நேரத்தில் வேலை செய்யும் அதே நீராவிதான் கிண்ணத்தையும் திறக்கிறது. இன்ஜின் தனக்குத் தானே எண்ணெய் விட்டுக்கொள்கிறது என்று சொல்லலாம்.

ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? இது அச்சுக்கான கருவி இல்லை, சிலிண்டருக்கான கருவி. மெக்காய் வந்த பிறகு ரயில்கள் எண்ணெய்க்காக நிற்கவே இல்லை என்று சில இடங்களில் படிப்பீர்கள். அது மிகை. அச்சுப் பெட்டிகளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கையால்தான் கவனித்தார்கள். உருளைத் தாங்கிகள் பரவலாக வந்த பிறகுதான் அந்தப் பஞ்சும் குவளையும் காணாமல் போயின.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தானாக எண்ணெய் விடும் கருவியை முதன்முதலில் கண்டுபிடித்தவர் மெக்காய் இல்லை. பிரிட்டனில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வேப் பொறியாளர் 1860ஆம் ஆண்டிலேயே ஒன்றைச் செய்துவிட்டார். அவருடைய முறை அழகானது. நீராவி கிண்ணத்துக்குள் வந்து குளிர்ந்து நீராகும். நீர் எண்ணெயைவிடக் கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கும். நீர்மட்டம் உயர உயர, மேலே மிதக்கும் எண்ணெய் வெளியே தள்ளப்படும். நீங்கள் அறிவியல் வகுப்பில் படித்த அடர்த்திப் பாடம்தான்.

அப்படியானால் மெக்காய் செய்தது பெரிய காரியம் இல்லையா? அப்படி நினைத்தால் அதுவும் தப்பு. இன்ஜின் தொழில்நுட்பம் ஒரே ஆளால் ஒரே நாளில் வந்ததில்லை. ஒவ்வொருவரும் முந்தையவர் விட்ட இடத்தில் ஒரு குறையைப் பிடித்தார்கள். மெக்காய் அப்படிப் பிடித்த குறைகள் ஏராளம். வாழ்நாளில் சுமார் 57 காப்புரிமைகள். பெரும்பாலானவை எண்ணெய் விடும் கருவிகள்தான், ஒன்றுக்கு மேல் ஒன்று திருத்தப்பட்டவை. நடுவே 1874இல் துணி தேய்க்கும் மேசை ஒன்று, 1899இல் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி ஒன்று. கல்வியாளரும் கறுப்பினத் தலைவருமான புக்கர் டி. வாஷிங்டன், அதுவரை அதிகக் காப்புரிமைகள் பெற்ற கறுப்பினத்தவர் என்று 1909இல் வெளிவந்த தம் நூலில் மெக்காயைக் குறிப்பிட்டார்.

அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவரின் இனத்தை எழுதுவதில்லை. ஹென்றி பேக்கர் என்ற கறுப்பின அதிகாரி காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாடு முழுவதும் வழக்கறிஞர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதி எழுதித்தான் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களின் பட்டியலை உருவாக்கினார்கள். அந்தக் கடிதங்கள் போகாமல் இருந்திருந்தால் பல பெயர்கள் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

70 வயதில் பென்சில் கரி

மெக்காயின் சாதனைகளில் எனக்குப் பிடித்தது 1872ஆம் ஆண்டுக் கிண்ணம் இல்லை. 1915இல் காப்புரிமை பெற்ற கருவிதான். அப்போது அவருக்கு வயது 70.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்ஜின்கள் மாறின. நீராவியைக் கொதிகலனிலிருந்து எடுத்து மறுபடியும் சூடாக்கி, ஈரமே இல்லாத உலர்ந்த நீராவியாகச் சிலிண்டருக்கு அனுப்பும் முறை பரவியது. கரியும் தண்ணீரும் மிச்சம். ஆனால் அந்தச் சூட்டில் சாதாரண எண்ணெய் தாங்காமல் சிதைந்துபோகும். தீர்வு கிராஃபைட். உங்கள் பென்சில் முனையில் இருக்கும் அதே கரிப்பொருள். வழுவழுப்பானது, சூட்டுக்கு அஞ்சாதது.

சிக்கல் என்னவென்றால் கிராஃபைட் ஒரு தூள். எண்ணெயில் கலந்தால் அடியில் படியும், குழாயை அடைக்கும். மைலோ பொடி கோப்பையின் அடியில் தங்குவது மாதிரி. மெக்காயின் புதிய கருவி, எண்ணெயையும் கிராஃபைட்டையும் அடைப்பு ஏற்படாதபடி சேர்த்து அனுப்பியது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில், புதிய தலைமுறை இன்ஜினின் புதிய பிரச்சினையை உட்கார்ந்து படித்துத் தீர்த்திருக்கிறார் பாருங்க. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பெயர் எங்கே போனது?

இவ்வளவு செய்தவர் பணக்காரராகியிருக்க வேண்டுமே? இல்லை.

காப்புரிமை என்பது ஒரு காகிதம். அதைக் கருவியாக்க உலோகம், பட்டறை, ஆட்கள், முதல் எல்லாம் வேண்டும். மெக்காயிடம் முதல் இல்லை. அதனால் காப்புரிமைகளின் உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ முதலீட்டாளர்களுக்கு எழுதிக்கொடுத்தார். கிடைத்த பணத்தில் அடுத்த ஆராய்ச்சி. கருவிகள் விற்றன, ஆனால் பெரும்பாலானவற்றில் அவருடைய பெயர் இல்லை.

இப்போது அந்த 'அசல் மெக்காய்' கதையை எடுத்துப் பாருங்கள். பெயரே பொறிக்காத கருவியை எப்படிப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்கள்? 1920இல்தான், 76 வயதில், எலைஜா மெக்காய் உற்பத்தி நிறுவனம் என்று தம் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

சொற்றொடரின் வரலாறும் வேறு கதை சொல்கிறது. 'ரியல் மெக்கே' என்ற வடிவம் 1856இலேயே ஸ்காட்லாந்தில் அச்சில் வந்துவிட்டது. அப்போது எலைஜாவுக்கு 12 வயது. 'மெக்காய்' என்ற வடிவமே 1881இல் கனடாவில் வெளியான ஒரு நாவலில் இருக்கிறது. அங்கே ரயிலும் இல்லை, எண்ணெயும் இல்லை. எலைஜாவின் கருவியோடு இந்தச் சொற்றொடரை இணைத்துப் பேசியதற்குக் காட்டப்படும் பழைய அச்சுச் சான்று, 1966 டிசம்பரில் எபனி இதழில் வந்த ஒரு விஸ்கி விளம்பரம். அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து!

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் முளைத்த ஸ்காட்லாந்துக்கே படிக்கப் போனவர் அவர். அங்கே தெருவில் அதைக் கேட்டிருக்கவும் கூடும்.

மேரி

அவருடைய மனைவி மேரி எலினோரா டெலனியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் மனைவி ஆன் எலிசபெத் திருமணமான நான்கு ஆண்டுகளில் இறந்துவிட்டார். 1873இல் எலைஜா மேரியை மணந்தார். பிறகு டெட்ராய்ட்டில் குடியேறினார்கள். மேரி அந்த நகரத்தில் தனியாகவே பெயர் பெற்றவர். ஆதரவற்ற கறுப்பின மூதாட்டிகளுக்கான ஃபிலிஸ் வீட்லி இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று உழைத்தவர். டெட்ராய்ட்டில் பலருக்கு எலைஜா, மேரியின் கணவராகத்தான் தெரிந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1922இல் இருவரும் ஒரு கார் விபத்தில் சிக்கினார்கள். மேரி அந்தக் காயங்களிலிருந்து மீளவே இல்லை, அடுத்த ஆண்டு இறந்தார். எலைஜாவும் படுகாயம் அடைந்திருந்தார். அதற்குப் பிறகு உடலும் மனமும் தளர்ந்துபோயின. பணமும் இல்லை. கடைசிக் காலத்தில் டெட்ராய்ட்டுக்கு வெளியே எலோயிஸ் என்ற இடத்தில் இருந்த அரசாங்கப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1929 அக்டோபர் 10ஆம் தேதி அங்கேயே காலமானார். வயது 85.

அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் அவருடைய பெயர் சேர்ந்தது 2001இல்தான். 2012இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே தன் முதல் கிளையை டெட்ராய்ட்டில் திறந்தது. அதற்கு எலைஜா மெக்காயின் பெயரை வைத்தார்கள்.

அந்த முதல் கிண்ணத்தின் படத்தை நீங்களே பார்க்கலாம். அமெரிக்கக் காப்புரிமை எண் 129,843 என்று தேடுங்கள். வால்வு எங்கே, தண்டு எங்கே, நீராவி எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். படத்தோடு அவருடைய பெயரும் இருக்கும்.